ஆரோக்கியராஜ் வெட்டாத கேக்

ஆரோக்கியராஜ் போய்விட்டார்... நேற்றுக் காலை, போத்தனூரில். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

என் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் "கிரேட் சோல்" என்று முதல் ஆளாகப் போட்டவர் டெலிவரி மேனேஜர் செந்தில்நாதன். அதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

சரவணம்பட்டியில் நாங்கள் மூவரும் ஒரே டீம். ஐ.டி. ஊழியர் சங்கத்தில் சேரச் சொல்லி ஆரோக்கியராஜ் கேன்டீனில் மேஜை மேஜையாக வருவார். அவர் தலையைப் பார்த்ததும் பாதிப் பேர் கை கழுவ எழுந்துவிடுவார்கள்.

"ஏனுங்க ஆரோக்கியராஜ், சங்கமெல்லாம் மில்லுல இருக்கறவங்களுக்குங்க. நாம வாங்கற சம்பளத்துக்குக் கொடி புடிச்சா ஊரே சிரிச்சுபோடும்" என்றார் செந்தில்நாதன், எல்லோர் முன்னாலும்.

சொன்னவர் யார்? அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர். காரமடையில் பாக்குத் தோப்பு இருப்பதால் விவசாயிகள் சங்கத்திலும் இருக்கிறார். லிஃப்ட் நின்றால் சங்கம் வேண்டும், பாக்கு விலை இறங்கினால் சங்கம் வேண்டும். வேலை போனால் மட்டும் வேண்டாமாம்... என்ன கௌரவமோ.

அந்தக் கம்பெனியில் யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். மீட்டிங் ரூமில் உட்கார வைத்து, நீங்களே ரிசைன் பண்ணிவிடுங்கள் என்பார்கள். அவரவர் லேப்டாப்பில் அவரவரே பட்டனை அமுக்க வேண்டும். சாயங்காலம் கேக், கைதட்டல்.

ஆரோக்கியராஜின் முறை வந்தது. மனைவிக்கு வேலை இல்லை, பெண் ப்ளஸ் டூ. அவர் அமுக்கவில்லை. வழக்கம்போல் கேக் மட்டும் வந்துவிட்டது.

கத்தியை நீட்டிய செந்தில்நாதனிடம், "நான் எங்கீங்க போறேன்? நாளைக்கும் வருவேனுங்க. கேக்கை நீங்க சாப்பிடுங்க" என்றார். சங்கம் லேபர் ஆபீஸுக்குப் போனது. அவர் வேலை போகவில்லை.

அடுத்த வருஷம் செந்தில்நாதனை அதே ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மறுநாளே பார்க்கிங்கில், கேமரா இல்லாத மூலையில் ஆரோக்கியராஜைப் பிடித்து, தன்னையும் சங்கத்தில் சேர்த்துவிடச் சொன்னார். யாருக்கும் தெரியக்கூடாதாம்.

சங்கம் அவருக்காகவும் லேபர் ஆபீஸுக்குப் போனது. தொழிலாளர் சட்டம் மேனேஜர்களுக்குப் பொருந்தாது என்று கம்பெனி வாதாடியது. லேபர் ஆபீஸில் அன்று நானும் இருந்தேன். செந்தில்நாதன் எழுந்து, "மேனேஜருங்கறது சும்மா பேருக்குங்க. ஒருத்தருக்கு லீவு குடுக்கக்கூட எனக்கு அதிகாரமில்லீங்க. நானும் தொழிலாளிதானுங்க" என்றார். பக்கத்தில் நின்ற ஆரோக்கியராஜ் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

வேலை தப்பியது. அதே வாரம் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறினார் அந்தத் தொழிலாளி. விசிட்டிங் கார்டில் இன்னும் மேனேஜர்தான்.

இன்று மதியம் அடக்கம். பெட்டிமேல் சங்கக் கொடியைப் போர்த்தியிருந்தோம். செந்தில்நாதன் மாலையோடு வந்தார். கொடியைப் பார்த்ததும் மாலையை டிரைவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே, காரில் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டார். கொடியோடு போட்டோவில் விழுந்துவிடுவாராம்... தூ.

போய்வாருங்கள், ஆரோக்கியராஜ். கடைசிவரை நீங்கள் அந்தப் பட்டனை அமுக்கவில்லை.