புகழக் கூடாதென்று நாங்கள் பயந்த பிள்ளை

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதம். மெல்பேர்ன் மருத்துவமனை ஒன்றில், குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் பிரிவில் இது நடந்தது. எங்கள் மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். பிறப்புத் தீட்டு நீங்கும் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு இன்னும் வராததால் பெயர்கூட வைக்கவில்லை.

பக்கத்துப் பெட்டியில் இருந்த ஆண் குழந்தையின் தாய், நைஜீரியாவின் யொரூபா இனத்தவர். காலையில் வந்ததும் குனிந்து, பாட்டுமல்லாத பேச்சுமல்லாத ஒரு குரலில் மகனிடம் நெடுநேரம் ஏதோ சொல்வார். என்னவென்று கேட்டேன்.

"புகழ்கிறேன். இவன் யாருடைய வழியில் வந்தவன், அவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். நாங்கள் ஒரிக்கி என்போம்" என்றார் ஆங்கிலத்தில்.

என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சாருங்கோ, பச்சைப் பிள்ளையை இப்பிடிப் புகழலாமே? கண்ணூறு படாதே?"

நாங்களோ தாதியிடம் கெஞ்சி, மகளின் உள்ளங்காலில் கறுப்புப் பொட்டு வைத்திருந்தோம்.

அன்று பிற்பகல் மகளின் மூச்சு நின்றது. கருவி அலறியது. மருத்துவர்கள் ஓடிவந்து மீட்டார்கள். பெட்டியருகே நின்ற எங்களிடம் அந்தப் பெண் வந்து, "இவளை என்ன சொல்லிப் புகழ்வீர்கள்?" என்று கேட்டார். ஒன்றும் சொல்வதில்லை என்றேன்.

"ஒன்றுமேயா? ஒவ்வொருவர் தலைக்குள்ளும் கூடவே பிறந்த ஆவி ஒன்று உண்டு. புகழைக் கேட்டால்தான் அது எழுந்து நிற்கும். தான் யாரென்றே தெரியாத பிள்ளை எதற்காக இங்கே தங்க வேண்டும்?"

குடும்ப வரலாறு திரட்டுவது என் பொழுதுபோக்கு. பூட்டன் பிறந்த நாள், இறந்த நாள் எல்லாம் நாவில் நிற்கும். பெட்டியில் கையை நுழைக்கும் துளையருகே குனிந்து அவற்றைத்தான் சொல்லத் தொடங்கினேன்.

"திகதியைக் கேட்டு ஆர் உயிரோட இருப்பினம்? தள்ளுங்கோ" என்றாள் மனைவி. பிறகு அவள் குனிந்தாள்.

"கவிண்ட வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு விடியுமட்டும் கடலிலை கிடந்து கரைக்கு வந்த மனிசன்ரை பூட்டப்பிள்ளையடி நீ. என்ரை வடிவான ராசாத்தி."

அவளுக்குக் கண்ணூறு பயம் போகவில்லை. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

மகளைக் காப்பாற்றியவர்கள் மருத்துவர்கள்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் துதி கடவுளுக்கு மட்டுமே உரியது என்று நினைத்து வளர்ந்த எனக்கு, ஒரு மனித உயிரை எங்களோடு இருக்கச் சொல்லி மன்றாடவும் துதி உண்டு என்பது இன்றும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது.