சராசரி எழுபது

மதியம் மூன்றேமுக்காலுக்குத் தகவல் வந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் என் மேஜைக்கு எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்து, தன் பெயரில் ஓர் எழுத்து தப்பாக அச்சாகிவிட்டது என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். யானை என்று நாங்கள் கூப்பிடுகிறவன் போன் செய்தான். போனை எடுத்த உடனே காது கிழியப் பேசுகிறவன் அவன். அன்றைக்குச் சத்தமே வரவில்லை.

"தங்கச்சி," என்றான் கடைசியில். "வீட்டுக்கு வந்துடு. கொக்கு போயிட்டான்."

கொக்கு என் அண்ணன். முப்பத்து மூன்று வயது. பேக்கரியில் அடுப்படி வேலை. அந்தப் பெயரை வைத்தது பேக்கரிக்காரர்கள் என்று படகுக் கொட்டகையில் சொல்வார்கள். படகுக் கொட்டகைக்காரர்கள்தான் என்று பேக்கரியில் சொல்வார்கள். நீளக் கால், நீளக் கழுத்து, தண்ணீர் ஓரத்தில் அசையாமல் நிற்கிற பழக்கம். யார் வைத்திருந்தாலும் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். யானை அவனோடு ஒரே படகில் துடுப்புப் போடுகிறவன். யானையின் எடை எழுபத்திரண்டு கிலோ. "இந்த எடைக்கு யானைன்னு பேரு வெக்கிற இடம் உலகத்துலயே நம்ம கொட்டகை ஒண்ணுதான்" என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அவர்களுடைய போட்டி அப்படிப்பட்டது. ஒல்லியான நீளப் படகு, இரண்டு ஆள், ஆளுக்கு இரண்டு துடுப்பு. எடை குறைந்தவர்களுக்கான பிரிவு. ஓட்டம் தொடங்கச் சுமார் இரண்டு மணி நேரம் இருக்கும்போது இருவரையும் நிறுத்துப் பார்ப்பார்கள். இருவரின் சராசரி எழுபது கிலோவைத் தாண்டக்கூடாது. தனி ஆளாக யாரும் எழுபத்திரண்டரையைத் தாண்டக்கூடாது. ஆக ஒருவன் எழுபத்திரண்டு என்றால் இன்னொருவன் அறுபத்தெட்டுக்கு வந்தாக வேண்டும். யானைக்கு எலும்பே கனம். அதற்குக் கீழே போனால் அவனுக்குக் கை நடுங்கும். அதனால் ஒவ்வொரு வருஷமும் இறங்க வேண்டியவன் என் அண்ணன்தான். ஆறடிக்கு மேல் உயரம், சும்மா விட்டால் எழுபத்தைந்துக்குப் போய் நிற்கிற உடம்பு. அந்த உடம்போடு தினமும் மத்தியானத்திலிருந்து சூடான ரொட்டிக்கு நடுவில் வேலை.

"மோப்பம் பிடிச்சே வயிறு ரொம்பிடுது," என்பான். பொய். அடுப்பிலிருந்து பன் தட்டை இழுக்கும்போது அவன் மூச்சை அடக்கிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

அண்ணன் வீட்டில் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் எடை மெஷின் இருந்தது. காலையில் எழுந்ததும் அதன்மேல் ஏறி நின்றுவிட்டுத்தான் அவனுக்கு மற்ற வேலை. நான் அங்கே போனால் சாப்பிட்டாயா, எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை. "எவ்ளோ?" என்பேன் வாசலிலேயே. "அறுபத்தொம்பது நூறு" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

"என்னைக் கட்டினதுக்கு உங்கண்ணன் இந்த மெஷினையே கட்டியிருக்கலாம்," என்பாள் அண்ணி. "நான் எதாவது சொன்னா கேக்க மாட்டாரு. அது சொன்னா மூணு நாள் பட்டினி கிடப்பாரு."

"அது பொய் சொல்லாது," என்பான் அண்ணன்.

"நான் என்ன பொய் சொன்னேனாம்?"

"நேத்து சூப்புல வெண்ணெய் போடலைன்னு சொன்னியே."

அண்ணி கரண்டியை ஓங்குவாள். அவன் கொக்கு மாதிரியே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான்.

உலகப் போட்டியில் கடைசி ஓட்டத்தில் ஆறு படகுகள்தான் நிற்கும். அந்த ஆறில் ஒன்றாக ஒரு தடவை நின்றுவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு பெரிய ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை போனார்கள். இரண்டு தடவையும் அரையிறுதியோடு திரும்பினார்கள். இரண்டாம் தடவை, நிறுப்பதற்கு முந்தின நாள் மூன்று சட்டைக்கு மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினானாம். தண்ணீர் தொடவில்லை. காலிப் பாட்டிலை வைத்துக்கொண்டு எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தானாம். கடைசி ஐம்பது கிராமுக்குத் தலையை மழித்துக்கொண்டான். எடை சரியாக வந்தது. துடுப்பை இழுக்கத்தான் ஆள் மிச்சமில்லை.

மூன்றாம் தடவைக்குத் தயாரான வருஷம், எடை தானாக இறங்கியது.

பயிற்சி தொடங்கிய புதிதிலேயே அறுபத்தெட்டு வந்துவிட்டது. அவன் ஓடவில்லை, பட்டினி கிடக்கவில்லை. அண்ணி தட்டை வைத்தால் பாதியில் தள்ளிவிட்டு "போதும், பசிக்கல" என்றான். ஒரு ஆள் பசிக்கவில்லை என்று சொன்னால் மற்ற வீடுகளில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் கை தட்டினோம். "உடம்பு இப்பதான் வழிக்கு வந்திருக்கு," என்றார் கோச். "பத்து வருஷமா சொல்லிக்குடுத்தது இப்பதான் அதுக்குப் புரிஞ்சிருக்கு."

கோச் இன்னொன்றும் சொன்னார். அண்ணன் இன்னும் இறங்கினால், சராசரிக் கணக்கில் யானைக்கு இடம் கிடைக்கும். எழுபத்திரண்டரை வரை அவன் வயிறாரச் சாப்பிட்டு, தோளிலும் தொடையிலும் பலம் ஏற்றலாம். அண்ணன் அறுபத்தேழுக்கு வந்தான். பிறகு அறுபத்தாறு. யானை முட்டையும் இறைச்சியுமாகச் சாப்பிட்டான். படகு முன்னெப்போதும் போகாத வேகத்தில் போனது. கரையில் நின்று பார்த்த எனக்கே அது தெரிந்தது. தண்ணீரைத் தொடுகிறதா என்று சந்தேகம் வருகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

அரையிறுதியில் இரண்டாவதாக வந்து, அந்த ஆறில் ஒன்றாக நின்றார்கள். ஒளிபரப்பை அண்ணியும் நானும் பேக்கரியில் வைத்துப் பார்த்தோம். முதலாளி கடையைச் சாத்திவிட்டார். முதல் ஆயிரம் மீட்டர் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ஒவ்வொரு படகாக அவர்களைத் தாண்டியது. ஆறாவதாக முடித்தார்கள். ஆறாவதுக்கு அந்தக் கடையில் எழுந்த சத்தத்தைக் கேட்டிருந்தால் முதலாவது வந்தவர்களே பொறாமைப்பட்டிருப்பார்கள்.

துடுப்புப் போடுகிறவர்கள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அண்ணனுடைய இடம் படகின் நுனிப் பக்கம். அவன் யானையின் முதுகைப் பார்த்துக்கொண்டு, அவ்வப்போது தோளுக்கு மேல் திரும்பி வழியையும் பார்த்துக் குரல் கொடுப்பான். யானைக்கு அவன் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அந்த ஓட்டத்தைப் பற்றி யானை பிறகு என்னிடம் சொன்னான்: "கடைசி ஐநூறு மீட்டர் அவன் ஒரு வார்த்தை பேசல, தங்கச்சி. மூச்சை மிச்சம் பிடிக்கறான், கெட்டிக்காரன்னு நெனச்சேன்."

போட்டி முடிந்துவிட்டால் அண்ணன் தின்கிற தீனியைப் பார்க்க ஆள் கூடும். ஒரே மூச்சில் எட்டு பன் சாப்பிட்டதாகப் பேக்கரியில் பேச்சு உண்டு. இந்த முறை முதலாளி அவனுக்கென்று தனியாக ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தார். சாயங்காலம் வரை தட்டு அப்படியே இருந்தது.

"என்னப்பா, நம்ம பன்னு கசக்குதா?"

"இல்ல முதலாளி. அப்புறம் சாப்பிடறேன்."

"போட்டிதான் முடிஞ்சிடுச்சே. இன்னும் யாருக்குக் கணக்கு காட்டற?"

முதலாளிக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. சராசரி, அரைக் கிலோ எதுவும் அவர் காதில் விழுந்ததில்லை. ஓர் ஆள் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போகிறான் என்பது மட்டும் அவர் கண்ணில் பட்டது. மறுநாள் கடைக்கு மாவு ஏற்றி வருகிற வண்டியிலேயே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

பரிசோதனையெல்லாம் முடிந்து டாக்டரம்மா கூப்பிட்டபோது அண்ணியும் நானும் யானையும் கூட இருந்தோம். "எப்பலேர்ந்து எடை குறையுது?" என்று கேட்டார்.

"சீசன் ஆரம்பத்துலேர்ந்து டாக்டர்," என்றான் அண்ணன். "ஆனா அது நல்லதுக்கு..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். நாங்கள் யாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் கை கழுவும் முறையை விளக்கும் படம் ஒட்டியிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம்.

வயிற்றில் கட்டி. வயிற்றோடு நிற்கவில்லை.

மருந்து ஏற்றினார்கள். இரண்டு சுற்று தாங்கினான். மூன்றாவதற்குப் போனபோது ஐம்பத்தொன்று காட்டியது. டாக்டரம்மா முடியாது என்று தலையசைத்துவிட்டார். குறைந்தது ஐம்பத்து நாலு கிலோ இருந்தால்தான் அடுத்த சுற்று. இல்லாவிட்டால் நோயை விட மருந்தே ஆளை எடுத்துவிடும் என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் சிரித்தான். "பாத்தியா, ஏத்தறதுக்கும் ஒரு போட்டி இருக்கு. இதுல எவன் வரான் பாக்கலாம்."

இறக்கத் தெரிந்த அளவுக்கு எங்களில் யாருக்கும் ஏற்றத் தெரியவில்லை. முதலாளி பாலில் ஊறவைக்கிற மாதிரி மெத்தென்று பன் சுட்டு அனுப்பினார். அண்ணி அதே சூப்பில் இப்போது வெண்ணெயை அவன் கண் முன்னாலேயே போட்டாள். யானை தினமும் பயிற்சி முடிந்து நேராக வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் படகில் கொடுக்கிற குரலை அவனுக்கே திருப்பிக் கொடுத்தான்.

"கடைசிப் பத்து! இழு! ஒண்ணு... ரெண்டு..."

"ஸ்பூன்டா அது. துடுப்பு இல்ல."

"பேசாத. மூச்சு போயிடும். மூணு..."

பத்து ஸ்பூன் உள்ளே போனால் ஏழு வெளியே வந்துவிடும். ஆனாலும் மூன்று தங்கியது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் மெஷின்மேல் ஏறினான். ஐம்பத்து நாலு நூறு. யானை சத்தம் போட்டான். அண்ணி கை தட்டினாள், நானும் தட்டினேன். பழக்கம். நர்ஸ் மட்டும் அவன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணா குடிச்சிட்டு வந்தீங்க?"

"தண்ணி."

"எவ்ளோ?"

"ரெண்டு லிட்டர் இருக்கும்." அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "இவ்ளோ நாள் தண்ணிய வெளிய எடுத்து எடை காட்டினேன். ஒரு நாள் உள்ள போட்டுக் காட்டக்கூடாதா?"

டாக்டரம்மா வந்தார். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "மெஷினை ஏமாத்திடலாம்பா. ஆனா நான் தர்ற மருந்து மெஷினுக்குள்ள போகலையே, உனக்குள்ளதான போகுது," என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அதுல ஏறி நின்னா எனக்கு வேற எதுவும் ஞாபகம் வர்றதில்ல டாக்டர்," என்றான். பிறகு கழிவறைக்குப் போனான். வெகுநேரம் வரவில்லை.

அவன் வரும்வரை நாங்கள் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யானை தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். துடுப்பு பிடித்துக் காய்த்த கை. "அவன் குறைஞ்சதையெல்லாம் நான்தான் சாப்பிட்டேன்," என்றான். "அவன் எறங்க எறங்க எனக்கு எடம் கிடைச்சுது. தட்டுல போட்டுப் போட்டுச் சாப்பிட்டேன், தங்கச்சி."

அண்ணிதான் பதில் சொன்னாள்.

"வாயை மூடுங்கண்ணே. நீங்க சாப்பிடலைன்னா அவர் அந்த ஆறு படகுல ஒண்ணா நின்னிருக்கவே மாட்டாரு. அது ஒண்ணுதான் அவர் கேட்டது. அதையும் இப்ப வந்து இல்லைன்னு ஆக்காதீங்க."

பிறகு அண்ணியே தன் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து யானையிடம் நீட்டினாள். "இந்தாங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க." அவன் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத் தண்ணீர் போக நிஜமான எடை ஐம்பத்திரண்டு. அதற்குப் பிறகு அவன் ஏமாற்றவில்லை. வெறும் வயிற்றோடு, சட்டையைக் கழற்றிவிட்டு, போட்டிக்கு நிற்கிற மாதிரியே வீட்டு மெஷினில் நின்றான். ஐம்பத்திரண்டு நானூறு வந்தது. ஒரு வாரம் அங்கேயே நின்றது. அப்புறம் ஒரு காலை, நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நான் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான்: "அம்பத்து மூணு!" குரல் பழைய குரலாகவே இருந்தது. தண்ணீருக்கு மேலே அக்கரைக்குக் கேட்கிற குரல். அண்ணி சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்க வேண்டும். இன்னும் ஒரு கிலோ. நடக்கக்கூடியதுதான் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியவன் எழுந்திருக்கவில்லை. ரத்தம் எங்கேயோ கட்டி, நுரையீரல் ரத்தக்குழாயில் போய் அடைத்திருக்கும் என்று டாக்டரம்மா போனில் சொன்னாராம். எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொன்னாராம். அதை யானை எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி மாவுக் கையோடு வாசலில் நின்றிருந்தார். அண்ணி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன் தூங்கிய நேரம் முழுக்க அவள் அங்கேயேதான் இருந்திருக்கிறாள். தூங்குகிறான் என்றுதான் அவளும் நினைத்திருக்கிறாள். மடியில் அவனுடைய சாம்பல் நிறப் பேண்ட் கிடந்தது, வியாழக்கிழமை போட்டுக்கொண்டு போவதற்காக எடுத்தது. அவன் இளைக்க இளைக்க அதன் இடுப்பைப் பிடித்துத் தைத்தவள், இப்போது ஒரு விரல் அளவு தளர்த்தலாம் என்று தையலைப் பிரிக்க உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் பிரித்துவிட்டிருந்தாள். வலது பக்கத் தையல் அப்படியே இருக்கிறது.