மாமாவின் இறக்கைத் தகடுகள்

என் தாய்மாமா ஒரு விமானத்தை மரப்பெட்டிகளில் அடைத்து லாரியில் சுருளிப்பட்டிக்குக் கொண்டுவந்தபோது எனக்கு ஒன்பது வயது. முழு விமானம் அல்ல, பிள்ளைகளே. வாங்குகிறவர்கள் வீட்டில் வைத்துத் தாங்களே பொருத்திக்கொள்ளும்படி துண்டு துண்டாக விற்பார்களாம். இரண்டு பேர் உட்காரலாம். மாமா பெங்களூரில் விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில் வேலை செய்தார். அங்கே ஒருவர் ஆசையாக வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்ததை மாமா வாங்கிக்கொண்டார். எஞ்சின் மட்டும் அதில் இல்லை.

பெட்டியைத் திறந்ததும் பக்கத்து வீட்டு அத்தை இறக்கைக்கான அலுமினியத் தகடு ஒன்றைச் சுண்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, எங்க வீட்டு இட்லிக் கொப்பரை கனம்கூட இதுல இல்லையே! இதுல ஏறியா பறக்கப்போற?"

"ஒன்னைய ஏத்துனாத்தேன் பறக்காதுக்கா" என்றார் மாமா.

எஞ்சின் வாங்குவதற்காக மாமா வளைகுடாவில் இரண்டு வருட வேலைக்குப் போனார். அதுவரை தகடுகள் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கவேண்டும். அது அப்பா ஏலக்காய் மூட்டைகளை அடுக்கும் அறை. மாமா ஒவ்வொரு தகட்டையும் நிமிர்த்தி வைத்து, இடையிடையே மரச்சட்டம் கொடுத்தார். சூட்டில் ஈரம் காயட்டும் என்று கீழே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார். சுவரில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை மாட்டினார். பிறகு அம்மாவையும் அப்பாவையும் விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, முள்ளு அறுபதைத் தாண்டப்படாது. தாண்டுனா பல்பைப் போட்டு விடு. வெயிலடிச்சா சன்னலைத் திற. எதையும் மூடிக் கட்டிப்புடாத. காத்து போய் வரணும். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போன் பண்ணுவேன், முள்ளு எங்கன நிக்குதுன்னு சொல்லணும்."

ஒரு விமானத்துக்கே காவல்காரன் ஆகிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் அந்த வாரம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஆடிச் சாரல் இறங்கியது. மலைப்பக்கமிருந்து பகலெல்லாம் பொடித்தூறல். கரண்ட் போனால் இரண்டு நாளைக்கு வராது, பல்பு எரியாது. முள் எழுபதுக்குப் போனது, எண்பதுக்குப் போனது. தகட்டில் விரலை வைத்தால் வியர்த்த நெற்றிபோல் ஈரம் ஒட்டியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று அப்பா ஒரு மூட்டையை அவிழ்த்தார். சாக்குக்குள் கறுப்பு பாலிதீன் பை; அதற்குள் ஏலக்காய் அன்று பறித்ததுபோல் பச்சையாக, மொறுமொறுவென்று இருந்தது.

"காத்து பட்டா எல்லாம் போச்சுடா. இறுக்கிக் கட்டணும்" என்றார் அப்பா.

அப்பா இருபது வருடமாகச் சரக்கு வைத்துக் காப்பவர். மாமாவுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். பழைய செய்தித்தாள்களைத் தகடுகளுக்கு இடையில் வைத்து, ஒன்றோடொன்று சேர்த்து, பாலிதீனைச் சுற்றிச் சணலால் இறுக்கினேன். முடிச்சை அப்பாவே பார்த்துத் தலையாட்டினார்.

மலையில் சூடேற்றிக் காயவைத்த பிறகுதான் ஏலக்காயை மூட்டை கட்டுகிறார்கள். நான் கட்டியது ஈரத்தோடு. இது எனக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. முள் எண்பத்தைந்தில் நின்றது. அதைச் சொன்னால் தூரத்தில் இருக்கும் மாமா வீணாகக் கவலைப்படுவார்; இங்கேதான் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே!

"அம்பத்தஞ்சு மாமா."

"நல்லது மாப்ள. நீ இருக்கையில எனக்கென்ன கவலை?"

அதன் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் ஐம்பத்தைந்துதான்.

இன்னொரு ஆடியும் வந்தபிறகு மாமா திரும்பினார். எஞ்சினுக்குச் சொல்லிவைத்துவிட்டதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். நேரே பின்னறைக்குப் போனார். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டை அவிழ்த்தார். தண்ணீர் கொட்டியது. தாள்கள் கூழாகி ஒட்டியிருந்தன. தகடுகளில் அரிசிமாவு பூத்ததுபோல் வெள்ளை. மாமா நகத்தால் சுரண்டினார். பொடி உதிர்ந்தது, அடியில் ஊசி குத்தியதுபோல் குழிகள். துடைத்தால் போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கடைசித் தகடுவரை பார்த்தார்.

"யாரு கட்டுனது?"

"நாந்தேன் மாமா!"

என்னை ஏறிட்டுப் பார்த்தார். "முடிச்சு நல்லாப் போட்டுருக்க மாப்ள."

சாப்பிட உட்கார்ந்தபோது, "அந்த ஆசையே விட்டுப்போச்சு மச்சான். வயசும் ஆகுதுல்ல" என்று அப்பாவிடம் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "மாமாவுக்குப் பறக்கப் பயம்! பயந்தாங்கொள்ளி!" என்று கத்தினேன். மாமா சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். தகடுகள் பக்கத்து வீட்டு அத்தையின் கோழிக்கூட்டுக்குக் கூரையாயின. மாமா மறுபடி வளைகுடாவுக்குப் போனார். விமானத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

இத்தனை வருடம் கழித்து, போன மழைக்காலத்தில் எங்கள் அலுமினிய ஏணி நனையாமலிருக்க பாலிதீனைச் சுற்றி வைத்தேன். அவிழ்த்தால், அதே வெள்ளைப் பொடி. தகடுகளைக் கெடுத்தது நான் என்பது அப்போதுதான் புரிந்தது. ஆனால் அதைவிடப் பெரியது ஒன்றும் அதன் பின்னாலேயே வந்தது. மாமா அன்று வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அந்தச் சுவரில்தான் மீட்டர் மாட்டியிருந்தது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. முள் எண்பத்தைந்தில் இருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைகூட நான் ஐம்பத்தைந்து என்றுதான் சொல்லியிருந்தேன்.