அடித்துணி

பாலிகஞ்சில் ஒரு கடையில் நேற்று ஸ்கார்ஃப் ஒன்றைக் கையில் எடுத்தேன். துவைத்துக் காய்ந்த பருத்தியின் வாசனையோடு பழைய கோபமும் வந்துவிட்டது. கார்டன் ரீச்சில் நாங்கள் குடியிருந்த மாடி அறை இன்று இல்லை, வீட்டையே இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். அங்கேதான் அம்மா இதேமாதிரி ஸ்கார்ஃபுக்காகப் பழைய புடவைத் துண்டுகள் நான்கை அடுக்கி, அரை விரல் அகலத்தில் கோடு கோடாக மிஷினில் தைத்து, கோடுகளுக்கு நடுவே மேல் மூன்றை மட்டும் வெட்டி, அடித்துணியில் கத்தரி படாமல் காப்பாற்றி, வெட்டிய ஓரங்கள் பூனை மயிர்போலப் பொசுபொசுவென்று எழும்பும்வரை வாளித் தண்ணீரில் கசக்கிக்கொண்டே இருப்பாள்.

கீழே இருந்த வீட்டுக்கார அம்மாளை, அந்த ஊர் வழக்கப்படி, பௌதி, அதாவது அண்ணி, என்போம். பூஜைக்கு வந்த விருந்தாளிகளிடம் அம்மா தைத்த ஸ்கார்ஃபைக் காட்டி, "எல்லாம் என் கைவேலை" என்று பௌதி வங்காள மொழியில் சொன்னாள். டீத் தட்டோடு நின்ற அம்மா சிரித்தாள். எனக்கு அப்போது பத்து வயது.

மாடிக்கு வந்ததும், "நான்தான் தைச்சேன்னு சொல்றதுக்கென்னம்மா?" என்றேன்.

"சொல்லிட்டு எங்க குடியிருக்கிறது? உங்கப்பா ஆபீஸ்லயா?"

மறுநாள் பௌதிக்கான அடுத்த ஸ்கார்ஃபை வெட்டும்போது, ஒருநாளும் தவறாத அம்மாவின் கத்தரி அடித்துணியையும் சேர்த்து நீளமாகக் கிழித்தது. "கை தவறிடுச்சு" என்றாள், என்னைப் பார்க்காமல். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் சாயங்காலத்துக்குள் பின்பக்கம் அதே நிறத்தில் ஒட்டுப் போட்டு, தையலே தெரியாமல் மூடி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். பௌதியைக்கூட மறந்துவிடுவேன். அந்த ஒட்டை மட்டும் இன்றைக்கும் பிய்த்து எறிய வேண்டும்போல இருக்கிறது.