பழவேற்காட்டில் ஒரு ராப் வகுப்பு

பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. பதினோராம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வடசென்னையில் ராப் பாடும் என் சிநேகிதி தேவி வாராவாரம் இங்கே வந்து ஹிப்-ஹாப் சொல்லித் தருகிறாள். இன்று நானும் அவளோடு பஸ் ஏறிவிட்டேன்.

இந்தக் கூச்சல் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியை, வகுப்பைத் தொடரவிடலாமா என்று பார்க்க வந்து முன்வரிசையில் அமர்கிறார். தேவிக்கு வியர்க்கிறது. பையன்கள் பெஞ்சில் தாளம் தட்டுகிறார்கள். மீனவர் வீட்டுப் பெண் சரண்யா எழுந்து வந்து, தானே எழுதியதைப் பாடுகிறாள்.

“இந்தாண்ட ஏரி, அந்தாண்ட கடலு,
பாத்ரூம்ல தண்ணி இல்ல, தாங்கல உடலு!
பாட்டில்ல நைனா குடுத்தாரு தண்ணி,
தொறக்கவே இல்ல, பாத்ரூம எண்ணி!”

சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் அடங்கிப் போகிறார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து கைத்தட்டல் வெடிக்கிறது. நான் தலைமையாசிரியையின் முகத்தையே பார்க்கிறேன். பள்ளியின் தண்ணீர் மோட்டார் பழுதானது அவருக்குத் தெரியும். பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது தெரியாது போலிருக்கிறது.

“ஏம்மா, இத்தினி நாளா எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“சொல்றதுக்கு வெக்கமாக்கீது மிஸ். பாட்டுன்றதால வந்துடுச்சு.”

அவர் அங்கேயே போனை எடுத்து மோட்டார் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார். “நாளைக்கு இல்ல, இப்பவே வாங்க” என்கிறார். பிறகு வாசல் வரை போனவர் தேவியிடம் திரும்பி வருகிறார்.

“அடுத்த வாரம் ஒன்பதாவது பசங்களையும் சேத்துக்கோம்மா. அவங்க இன்னும் என்னென்ன சொல்லாம வெச்சிருக்காங்களோ.”