கண்ணாடிக்குள் எங்கள் வீடு

யாராவது வாசலில் வந்து நின்று சிரித்துக்கொண்டே "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று சொன்னால் என் கை தானாகக் கதவுத் தாழ்ப்பாளைத் தேடும். சும்மா யாரும் வருவதில்லை. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே சும்மா வந்தவர்கள் அத்தனை பேரும் கடைசியில் எதையாவது கேட்டுவிட்டுத்தான் போனார்கள். "பால்காரன் சிரிச்சாலே ஒனக்கு சந்தேகந்தான்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். பாலில் தண்ணீர் கலந்ததைக் கண்டுபிடித்தது அவரா, நானா?

அந்த இரண்டு பேரும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவனுக்கு முப்பது வயது இருக்கும். கூட ஒரு பெண், தோளில் பெரிய கேமராப் பை. சென்னையிலிருந்து வருகிறோம் என்றார்கள். வந்து நின்றது இரணியலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அப்பா வீட்டில். நான் நல்லவேளையாக அப்போது அங்கேதான் இருந்தேன்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா இறந்த பிறகு அப்பா அங்கே தனியாக இருந்தார். எங்கள் பக்கத்தில் இடம் வசதி உள்ளவர்கள் இறந்தவர்களை வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்தில், எங்கள் பேச்சில் சொன்னால் சொந்த விளையிலேயே, அடக்கம் செய்வது வழக்கம். வெளியூர்க்காரர்கள் முதல் தடவை வந்தால் வீட்டு முற்றத்தில் கல்லறையைக் கண்டு மிரண்டு போவார்கள். எங்களுக்கு அது கிணறு, தொழுவம் போல வீட்டோடு சேர்ந்த ஒன்று. அம்மாவின் கல்லறை முற்றத்தில், பலா மரத்தடியில், முன்வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஈஸ்டருக்கும் கிறிஸ்மஸுக்கும் முன்னால் நானே நின்று வெள்ளையடிக்க வைப்பேன். என் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். தினமும் சாயங்காலம் பிச்சிப்பூ கொண்டுபோய் கல்லறையில் வைத்துவிட்டு, அப்பாவுக்குப் பால் விடாமல் ஒரு கட்டன்சாயா போட்டுக் கொடுத்து, அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

என் தம்பி கல்ஃபில் இருந்து சம்பாதித்து, இப்போது பெங்களூரில் ஃபிளாட் வாங்கிக் குடும்பத்தோடு இருக்கிறான். வீட்டையும் விளையையும் விற்றுவிட்டு அப்பா தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. வாங்குவதற்கு ஒரு ஆளையும் பிடித்து வைத்திருந்தான். அந்த ஆள் அங்கே ரிசார்ட் கட்டப் போகிறாராம். "கல்லறை நிக்கிற எடத்தையும் அதுக்குப் போற வழியையும் விலக்கித்தான் எழுதுவோம் அக்கா, ஊர் வழக்கந்தானே" என்று தம்பி தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். நான் நம்பவில்லை. அப்பா மட்டும் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் "பாப்போம்" என்றே காலம் கடத்தினார். அம்மாவை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசில்லை, அதைத் தம்பியிடம் சொல்ல வாய் வரவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். அவருக்கும் சேர்த்து நானே சண்டை போட்டேன்.

இந்த நிலையில்தான் அந்த இரண்டு பேரும் வந்தார்கள். அனுப்பியது ரிசார்ட்காரர்.

"தாத்தா சொல்ற கதையெல்லாம் பதிவு பண்ணுவோம் ஆண்ட்டி. வீடு, விளை எல்லாத்தையும் சுத்திச் சுத்திப் படம் எடுப்போம். அப்புறம் ஒருத்தர் இந்தக் கண்ணாடியைப் போட்டா அப்படியே இந்த வீட்டுக்குள்ள நடக்கலாம்" என்றான் அவன். நீச்சல்காரர்கள் கட்டுவது போல ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான், அதைவிடப் பெரியது. "கிணத்தைத் தொட்டா கிணத்துக் கதை வரும். சாய்வு நாற்காலியைத் தொட்டா அந்தக் கதை. அவங்க எந்தப் பக்கம் போறாங்களோ, கதையும் அந்தப் பக்கம் போகும்."

"யாரு போடுவா இந்தக் கண்ணாடிய?"

"ரிசார்ட்டுக்கு வர்ற கெஸ்ட்."

"அப்போ வீடு?"

அவன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவள் கேமராவைப் பார்த்தாள். "வீடு... கண்ணாடிக்குள்ள இருக்கும் ஆண்ட்டி."

கதை எப்படிப் போகிறது பாருங்கள்! இடிப்பதற்கு முன்னால் படம் பிடித்து வைக்க வந்திருக்கிறார்கள், அதையும் என் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். போய் வாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா, "இருக்கட்டும் மக்கா, புள்ளைங்க அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அம்மா போன பிறகு என்னிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனிதர், அந்தக் கேமராவுக்கு முன்னால் மடை திறந்தது போலப் பேசினார். திங்கள்சந்தையில் ஜவுளிக்கடை வைத்திருந்த காலம், கிணறு வெட்டும்போது பாறை வந்தது, கல்யாணமான புதிதில் அம்மா கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தது, எல்லாம் சொன்னார். இதில் பாதிக் கதை எனக்கே தெரியாது. என்னத்தைக் கலக்கிக் கொடுத்தார்களோ என்றுகூட நினைத்தேன். சாயாவை நான்தான் போட்டேன், அதனால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். கண்ணாடி போட்டவர் எதை எவ்வளவு நேரம் பார்க்கிறார், எந்த இடத்தில் அலுத்துப்போய்க் கழற்றுகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். "கழட்டுற இடத்துல கதையை மாத்திருவோம் ஆண்ட்டி" என்றாள். எவ்வளவு லேசாகச் சொல்கிறாள்! நடந்தது நடந்ததுதானே, பார்க்கிறவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் நடக்காமல் போய்விடுமா? இதைக் கேட்டதற்கு அவள் மறுபடியும் சிரித்தாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

ஒரு நாள் சாயங்காலம் பூவோடு போனபோது அப்பாவும் அந்தப் பையனும் பின்பக்கம் வாழைத் தோட்டத்தில் நின்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல மக்கா."

ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னால் ஏதோ உண்டு என்று அர்த்தம். அன்றைக்கு ராத்திரியே தம்பிக்கு போன் போட்டு, "அப்பாட்ட எதையாவது பேசி மயக்கி கையெழுத்து வாங்கப் பாத்தியளோ, நான் சும்மா இருக்க மாட்டேன், கேட்டியா" என்றேன். "எக்கா, ஒனக்கு வேற சோலியே இல்லியா?" என்று அவன் போனை வைத்துவிட்டான்.

வேலை முடிந்தது, எல்லாரும் பார்க்கலாம் என்று சொன்னார்கள். அம்மாவின் நினைவு நாள் ஜெபத்துக்குச் சொந்தக்காரர்கள் எப்படியும் கூடுவார்கள் என்பதால் தம்பி அதே நாளை வைத்தான். ஜெபமும் சாப்பாடும் முடிந்ததும் எங்கள் சபையின் கோயில் ஹாலில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் இடம் விட்டார்கள். கண்ணாடி போட்டவர் பார்ப்பதை எல்லாரும் பார்க்கும்படி ஒரு பெரிய டி.வி.யும் வைத்திருந்தார்கள். முதல் ஆள் அப்பாதான். அந்தப் பையன் அவருக்குக் கண்ணாடியை மாட்டி, படத்தில் உள்ளதைத் தொடுவதற்குக் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

டி.வி.யில் எங்கள் கேட் வந்தது. பொய் சொல்லக் கூடாது, நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். துருப்பிடித்த தாழ்ப்பாள்கூட அப்படியே இருந்தது. அப்பா ஹாலில் மெல்ல மெல்லக் காலெடுத்து வைக்க, டி.வி.யில் கேட் திறந்து முற்றம் வந்தது. சித்திகள் "அய்யோ, நம்ம வீடு" என்று வாயில் கை வைத்தார்கள். பலா மரம் வந்தது. நான் மரத்தடியைப் பார்த்தேன்.

அங்கே புல் இருந்தது. வெறும் புல்.

"கல்லறைய எங்கலே?" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட ஓடி வந்தார்கள்.

தம்பி எழுந்தான். "எக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது..."

"ஒனக்குத் தெரியாதா? அம்மைய எடுத்துத் தூரப் போட்டிருக்கான், மகனுக்குத் தெரியாதாம்! வெலக்கி எழுதுவோம், வழி விடுவோம்னு சொன்னியே, இதானா ஒனக்க வழி? இன்னைக்குப் படத்துல எடுத்தவனுக்கு நாளைக்கு மண்ணுல எடுக்க எவ்வளவு நேரம் ஆவும்? ரிசார்ட்டுக்கு வாறவன் கல்லறையப் பாத்தா கண்ணாடியக் கழட்டிருவான், அதானே?"

அந்தப் பையனுக்கு முகம் வெளிறிவிட்டது. அவன் அப்பாவைப் பார்த்தான்.

"அவர எதுக்குலே பாக்க? என்னப் பாத்துச் சொல்லு!"

அப்பா இதொன்றும் காதில் விழாதவர் போல நடந்துகொண்டிருந்தார். மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அவருடைய கால் தயங்கியது. நேராகப் போக வேண்டியவர் வலது பக்கம் ஒதுங்கி, இல்லாத ஒன்றைச் சுற்றிக்கொண்டு போனார். ஹாலின் தரையில் ஒன்றும் இல்லை, டி.வி.யிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் சுற்றித்தான் போனார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பாத்தியளா எல்லாரும்! நீங்க எடுத்தாலும் அவருக்க காலு அவள விட்டுப் போவுதா? தேடுது பாருங்க!" என்றேன். ஒரு சித்தி விசும்பவே தொடங்கிவிட்டாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். மூக்கின் மேல் சிவப்பாக ஒரு தடம் பதிந்திருந்தது, முடி கலைந்து நின்றது.

"ஏட்டி, அந்தப் பயல வையாத. நாந்தான் எடுக்கச் சொன்னேன்."

அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "யாரு அப்படிச் சொல்லச் சொன்னா? தம்பியா?" என்று கேட்டேன். அப்பா என் கையைப் பிடித்து ஹாலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். பக்கவாட்டில், தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

"காலையில முன்கதவத் தொறந்தா அதுதான் மக்கா மொதல்ல கண்ணுல படும். வெள்ளையடிச்சு, பளிச்சுன்னு. அவ செத்துப்போனான்னு தெனமும் எனக்கு ஒருக்க சொல்லிக் குடுக்கணுமா? நான் இப்பம் பின்வாசல் வழியாத்தான் போக வர. முன்கதவு தொறக்கது நீ வாற நேரத்துல மட்டுந்தான்."

இதை நான் பார்த்ததே இல்லை. நான் போகும்போது கதவு திறந்துதானே இருந்தது!

"அந்தப் பையன் கேட்டான். தாத்தா, இதுல ஒங்களுக்கு எப்படி இருக்கணும்னு கேட்டான். என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல பாத்துக்கோ. ஒங்கம்மை சந்தைக்குப் போயிருக்கா, இப்பம் வந்துருவான்னு நெனச்சுக்கிட்டு அந்த முத்தத்துல ஒருதடவ நடக்கணும்னு சொன்னேன். அவ்வளவுதான். ஆனா பாரு, இந்தச் சவத்துக் காலு கேக்க மாட்டேங்குது. அங்க வந்தா பயந்து ஒதுங்குது."

ஹாலுக்குள் தம்பியும் சித்தப்பாக்களும் மாறி மாறிக் கத்துவது கேட்டது. "அப்படின்னா தம்பி கூப்பிட்ட உடனே போயிருக்கலாமேப்பா. எதுக்கு இத்தன வருசம் இங்க கெடந்து கஷ்டப்பட்டிய?" என்று கேட்டேன்.

அப்பா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீ பூ கொண்டு வருவல்லா மக்கா? மழன்னாலும் காய்ச்சல்னாலும் வருவ. நான் வீட்ட வித்துட்டுப் போயிட்டா நீ சாயங்காலம் எங்க போவ? ஒனக்கு அம்மை வேணும்லா. அதுக்காகத்தான் இருந்தேன்."

ஆண்டவரே! முழங்கால் வலியோடு அந்த இரண்டு தெருவை நான் நடந்தது கல்லறைக்காகவா? அவர் தனியாக இருக்கிறாரே, ஒரு சாயா போட்டுக் கொடுக்க ஆள் வேண்டுமே என்று போனேன். வெறும் கையோடு போனால் தன்னைப் பார்க்க வருகிறாள் என்று சங்கடப்படுவாரே என்று பூ வாங்கினேன். ஊரில் ஒருத்தரையும் விடாமல் சந்தேகப்பட்ட எனக்கு இந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் இத்தனை வருடம் வீணாகப் போயிற்றே என்று நொந்துவிடுவார். சொல்லவில்லை.

"போங்கப்பா" என்றேன். "தம்பி கூடப் போங்க. அம்மைய நான் பாத்துக்கிடுவேன்."

"நெசமாவா சொல்லுத?"

"நெசமாத்தான்."

அப்பா எழுந்துவிட்டார். கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டிய ஆள், தொட்டியைப் பிடிக்காமல்கூட எழுந்து நின்று வேட்டியை உதறிக் கட்டினார்.

"எப்பம் பொறப்படலாம் மக்கா?" என்று கேட்டார்.