பொய் இரைச்சல்

ஜவ்வாது மலையில் வேடியப்பன் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். 'போன்காரரு' என்று கேட்டால் இவன் ஒருவன்தான். செல்போன் டவர் எட்டாத மலை ஊர்களுக்கு அடிவாரத்து மருத்துவமனையிலிருந்து வானலை வழியாக இன்டர்நெட்டை இழுத்து, ஊருக்கு ஒரு கையடக்க போன் கொடுத்திருந்தது ஒரு தொண்டு நிறுவனம். அதைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கேபிள் டிவிக்குக் கம்பம் ஏறிக்கொண்டிருந்தவன், அடிபட்டு மிதிபட்டு இதைக் கற்றுக்கொண்டான்.

ஊரில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் அந்த போன் வீடு தேடிப் போகும். இளைப்பு என்றால் நெஞ்சில் வைப்பார்கள். அடிவாரத்தில் நர்ஸ் மெர்சிலின் மறுகாதைப் பொத்திக்கொண்டு மூச்சைக் கேட்டு, ஜீப் அனுப்புவதா, மருந்தை உறிஞ்சிவிட்டுப் படுத்தால் போதுமா என்று சொல்வார். அப்படிப் பிழைத்தவர்கள் மலையில் நிறையப் பேர். வேடியப்பனின் மனைவி பச்சையம்மாவும் அதில் ஒருத்தி.

குரலை அப்படியே அனுப்ப முடியாது. மடித்துச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் பிரிக்க வேண்டும். மடிக்கிற முறைக்குத்தான் கோடெக் என்று பேர். எந்த முறையில் மடிக்கலாம் என்று, மணி அடித்துப் போனை எடுக்கிற நேரத்துக்குள் இரு முனையிலும் இருக்கிற இணைப்புப் பெட்டிகள் தமக்குள் பேசி முடித்துவிடும். செங்கம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதே கதைதான். பக்கத்தில் நிற்கிற மாட்டுக்காரனுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. வானலை மெலிந்தது. பேச்செல்லாம் பிய்ந்து பிய்ந்து வந்தது.

"இன்னாப்பா வேடியப்பா, ஒரு வார்த்த வந்தா நாலு வார்த்தையக் காணோம்! இதுக்கு மலை மேல நின்னு கூவிக்கலாமே!" என்று மெர்சிலின் எரிந்து விழுந்தார்.

ரோஷம் வந்துவிட்டது அவனுக்கு. இருப்பதிலேயே ஒடுக்கமாக மடிக்கிற கோடெக்கை வரிசையில் முதலில் தூக்கி வைத்தான். அதோடு விட்டானா? யாரும் பேசாத நேரத்தில் எதையும் அனுப்பாதே என்று பெட்டிக்கு உத்தரவும் போட்டான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்தப் பெட்டிக்கு அதுதான் வேதம். உரக்கப் பேசினால் ஆள். வேறு எந்தச் சத்தமும் அதற்குக் கணக்கில்லை; பேச்சு இல்லாவிட்டால் ஆளே இல்லை.

அதில் வேறொரு வம்பு முளைத்தது. மலைக்காரர்கள் ஒரு மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு 'ஓ' என்று குரல் கொடுத்துப் பழகியவர்கள். பதில் வராவிட்டால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம்; இவர்களும் நடையைக் கட்டிவிடுவார்கள். போனிலும் அப்படித்தான். சத்தம் அறவே நின்றதும், நர்ஸ் ஊசிப் பேரைத் தேடுகிற நேரத்தில் வைத்துவிட்டார்கள். சரி போ என்று, மௌனம் வருகிற இடத்தில் மெல்லிய இரைச்சல் ஒன்றைப் பெட்டியே போட்டுக்கொள்ளும்படி செய்தான். கேட்கிறவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பது போலவே இருக்கும். எல்லோருக்கும் சந்தோஷம். மெர்சிலினே பாராட்டினார். செய்ததை அவரிடம் விளக்கிச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. பிள்ளையார்தான் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவி மனுஷன்.

மழை விடாமல் கொட்டிய ஒரு பகலில், நனைந்துபோன வயரை மாற்ற அவன் மருத்துவமனைக்கு வந்திருந்தான். மணி அடித்தது. மலையில் அவன் பக்கத்து வீட்டுத் தமிழரசி.

"சிஸ்டர், பச்சையம்மா அண்ணிக்கு விடிஞ்சதுலேர்ந்து இளைப்பு. மருந்து இழுத்தாங்க."

"நெஞ்சுல வை." மெர்சிலின் கண்ணை மூடிக் கேட்டார். வேடியப்பன் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றான். "இளைப்புச் சத்தம் அடங்கிப்போச்சே. பேசறாங்களா?"

"இல்ல சிஸ்டர். கண்ண மூடிக்கினு சாஞ்சிகினு கீறாங்க."

"மருந்து வேல செய்யுது. தூங்கட்டும். இந்த மழையில ஜீப்ப ஏத்தறது ஆபத்து."

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. கட்டியவளின் மூச்சை ஒரு தடவை கேட்போமே என்று ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தான். மெல்லிய இரைச்சல். ஏற்றமில்லை, இறக்கமில்லை, சீராக வந்துகொண்டிருந்தது.

சன்னலுக்கு வெளியே மலை கறுத்துக் கிடந்தது. அவன் வீட்டுக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

"சிஸ்டர், மழ எங்க?"

"இன்னா மழ? வெளிய கொட்டுதே, பாக்கல?"

"எங்க வூட்டு மழ. தகரத்துல வுழற சத்தம் வரலியே. ஐயோ, இது அவ மூச்சு இல்ல சிஸ்டர். நான் வெச்ச இரைச்சலு!"

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் டிரைவரைக் கூவிக்கொண்டே வெளியே ஓடினார்.

வேடியப்பன் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தான். சத்தத்தை முழுசாக அனுப்புகிற அகலமான கோடெக்கை மேலே ஏற்றினான். மௌனத்தை வெட்டுகிற உத்தரவை எடுத்தான். இரைச்சலை எடுத்தான். ஆனால் பெட்டிகள் புதிதாகப் பேரம் பேச வேண்டுமானால் இந்த அழைப்பைத் துண்டிக்க வேண்டும். இருக்கிற ஒற்றை நூலையும் அறுப்பதா என்று மனசு அடித்துக்கொண்டது. அறுத்தான். மறுபடி போட்டான். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. முனியப்பா, எடுக்க வையேன் என்று வாய்விட்டு வேண்டினான்.

எடுத்தார்கள். மழை அவன் காதுக்குள் கொட்டியது. தகரம் அதிர்ந்தது. ஒழுகல் தண்ணீர் ஏதோ பாத்திரத்தில் சொட்டியது. ஆடு ஒன்று கத்தியது. "அண்ணி, அண்ணி" என்று தமிழரசி எழுப்புவது பக்கத்தில் நிற்பது போலக் கேட்டது.

"தமிழு, போன நெஞ்சுல வை."

"நெஞ்சுலதாண்ணா வெச்சினு கீறேன்!"

மறுகாதைப் பொத்திக்கொண்டான்.

மெர்சிலின் நனைந்தபடி திரும்பி வந்தார். "ஜீப்பு கெளம்பிடுச்சு. இப்ப மூச்சு கேக்குதா?"

"கேக்குது சிஸ்டர். மழ கேக்குது. ஆடு கேக்குது. தண்ணி சொட்டறது கூடக் கேக்குது."

அவர் கையை நீட்டினார். அவன் ரிசீவரைக் கொடுக்கவில்லை.